கீழே வைக்கும் துணிவு

பதின்மூன்று சீட்டுகள் கைக்கு வந்துவிட்டன. விசிறிபோல் விரித்துப் பார்க்கிறான் ஆடுவோன். சுற்றிலும் ஐவர். முதற்சீட்டை எடுக்குமுன் அவன்முன் நிற்பது ஒரே கேள்வி: ஆடுவதா, கீழே வைப்பதா?

சீட்டை எடுப்பதிலும் எறிவதிலுமே ஆட்டம் தொடங்குகிறது என்று எண்ணுவோர் பலர். தேர்ந்தவர் அப்படி எண்ணுவதில்லை. எடுப்பதற்கு முன்னமே, ஏந்திய கையை எடைபோட்டு, 'இது ஆடத்தக்கது, இது ஆடத்தகாதது' என்று அறுதியிடுகிறார்களே, அந்த நொடியிலேயே ஆட்டத்தில் பாதி முடிந்துவிடுகிறது. ஆடாமல் கீழே வைப்பதற்கு ரம்மி ஆடுவோர் இட்டிருக்கும் பெயர் 'ஸ்கூட்'. சொல் சிறிது. அதற்குள் இருக்கும் பொருள் பெரிது.

"சீர்திருத்தம் பேசும் ஏட்டிலே சீட்டாட்டப் பாடமா?" என்று புருவம் நெரிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். இந்த ஆட்டம் கடந்த சில ஆண்டுகளில் திண்ணையை விட்டுத் தொலைபேசிக்குள் புகுந்தது. தொலைபேசி வழியே குடிசைக்குள் புகுந்தது. குடிசையிலிருந்து சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தது. "இது திறமை ஆட்டம்" என்றனர் ஒருசாரார். "இல்லை, சூது" என்றனர் மற்றொரு சாரார். அந்த வழக்கின் முடிச்சு, நாம் மேலே சொன்ன அந்த ஒரு நொடியிலேதான் இருக்கிறது என்பது நமது கருத்து. முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் ஆட்டத்தை முதலில் அறிந்தாக வேண்டும்.

பொருநைக் கரையில் பிறந்தவர்க்கு ரம்மி புதிதல்ல. திருமண வீட்டிலே, தாலி கட்டும் நாளுக்கு முந்தைய இரவு, பந்தற்காலடியில் பாய் விரித்து ஆடுவார்கள். ஆற்றங்கரைக் கல் மண்டபங்களிலே, குளித்துக் கரையேறிய முதியவர்கள் துண்டு உலரும் வரை ஆடுவார்கள். இரண்டு சீட்டுக்கட்டு, இரண்டு ஜோக்கர், ஆக 106 சீட்டு. ஆளுக்குப் பதின்மூன்று. வரிசையாகவோ, ஒரே எண்ணாகவோ அனைத்தையும் சேர்த்து முடிப்பவர் வென்றவர். சேர்த்தவற்றுள் ஜோக்கர் கலவாத வரிசை ஒன்றேனும் இருந்தாக வேண்டும். இல்லையேல் மற்றவை எவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தாலும் செல்லா.

முதலிலேயே கீழே வைத்தால் இழப்பு 20 புள்ளி. ஆடிப் பார்த்து இடையிலே விட்டால் 40. இறுதிவரை நின்று, ஒன்றும் சேராமல் மாட்டிக்கொண்டால் 80. இந்த மூன்று எண்களிலேதான் ஆட்டத்தின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

எந்தக் கை ஆடத்தக்கது? நமது சிற்றூரிலே ஓர் அண்ணாச்சி இருந்தார். கையைப் பிரித்த மாத்திரத்தில் 'ஆடுவேன்' 'வைத்தேன்' என்பார். எப்படி என்று கேட்டோம். விளக்கினார். ஜோக்கர் இல்லாத வரிசை கையோடு வந்திருக்கிறதா? வந்திருந்தால் ஆடு. வரவில்லையா, ஜோக்கராவது ஒன்றிரண்டு உண்டா? அதுவும் இல்லையா, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் சீட்டுகள் எத்தனை? இஸ்பேட் ஆறும் ஏழும் கையிலிருந்தால் ஐந்து வந்தாலும் ஆயிற்று, எட்டு வந்தாலும் ஆயிற்று; இரண்டு கட்டிலுமாக நான்கு சீட்டுகள் நமக்கு உதவும். ஆறும் எட்டும் இருந்தாலோ ஏழு ஒன்றுதான் வேண்டும், உதவுவன இரண்டே. முன்னதற்கு நான்கு வாயில், பின்னதற்கு இரண்டு வாயில். ராசா, ராணி, ஜாக்கி, ஏஸ் என்று பெரிய இடத்துப் பிள்ளைகளாகக் கை நிறைந்திருந்து, ஒருவரோடொருவர் உறவே இல்லை என்றால்? பார்வைக்குப் பகட்டு, தோற்றால் தலைக்குப் பத்துப் புள்ளி. "பகட்டைப் பார்த்து ஆடாதே, பொருத்தத்தைப் பார்த்து ஆடு" என்பது அண்ணாச்சியின் பாடம். சீட்டுக்கு மட்டுமா அது பொருந்தும்!

நாம் கல்லூரியில் பயின்றது வரலாறு, கணக்கு அன்று. எனினும் பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது. அறுவர் ஆடும் பந்தியில், வென்றால் ஏறத்தாழ 150 புள்ளி வரும். ஆடித் தோற்றால் சராசரியாக 45 போகும் என்று கொள்வோம். கீழே வைத்தாலோ 20 போவது உறுதி. அப்படியானால் ஆடுவது எப்போது தகும்? வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால்தான். அதற்குக் குறைந்த கையை ஆடுவது வீரமல்ல. இருபதோடு போவதை நாற்பத்தைந்தாக வளர்ப்பதே.

மேலைநாட்டார் போற்றும் போக்கர் ஆட்டத்திலும் இதே நிலைதான். அங்கே பெரிதும் ஆடப்படும் வகையில் தொடக்கத்தில் கைக்கு வருவன இரண்டே சீட்டுகள். 52 சீட்டுகளிலிருந்து அவ்விரண்டும் வரக்கூடிய வகைகள் 1,326. இரண்டும் ஏஸாக வருவது 221 முறைக்கு ஒருமுறை. எந்த எண்ணாயினும் இணையாக வருவது 17 முறைக்கு ஒருமுறை. டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்கர் இத்தொடக்கக் கைகளைத் தரம்பிரித்துப் பட்டியலிட்டுப் புகழ்பெற்றார். அந்தப் பட்டியல்களைக் கற்றுத் தேறியவர்கள், பந்தி நிறைய ஆள் இருக்கையில், வரும் கைகளில் பெரும்பகுதியைத் தொடாமலே மடக்கிவிடுகிறார்கள். வல்லவன் என்பவன் யார்? மிகுதியாக ஆடுபவன் அல்லன், மிகுதியாக மடக்குபவன்.

இனி, நம் மக்கள் கையை எடைபோடும் அழகைப் பார்ப்போம். "நேரம் சரியில்லை" என்கிறான் ஒருவன். "கிழக்கே பார்த்து உட்காரு" என்கிறான் மற்றொருவன். வென்ற நாளிலே உடுத்திய சட்டையைத் துவைக்காமல் உடுத்தி வருகிறான் ஒருவன். சனி பெயர்ந்துவிட்டது, இனி எல்லாம் நல்ல கைதான் என்று சோதிடர் சொன்னதாகச் சொல்லி மகிழ்கிறான் இன்னொருவன். காகிதத்தில் அச்சடித்த சீட்டுக்குச் சனி தெரியுமா? ஆடுபவன் பிறந்த நேரம் கிளாவர் ராணிக்குத் தெரியுமா? பத்து முறை தொடர்ந்து கெட்ட கை வந்தது. ஆகவே பதினொன்றாவது நல்லதாக வந்தே தீரும் என்கிறான். ஒவ்வொரு முறையும் கட்டைக் கலைக்கிறார்களே, எதற்கு? முன்பு நடந்ததைச் சீட்டு மறப்பதற்குத்தானே? சீட்டு மறந்துவிடுகிறது, மனிதன்தான் மறப்பதில்லை.

இதே ஐயத்தை மேலை நாட்டினரும் எழுப்பினர். பந்தயம் பாதியில் நின்றுபோனால் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. 1654ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் அதுபற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். குறி கேட்கவில்லை, பூக்கட்டிப் பார்க்கவில்லை, எண்ணினார்கள். எண்ணியதன் பயனாக நிகழ்தகவு என்னும் ஒரு கணிதத் துறையே உருப்பெற்றது. இன்று காப்பீடும், மழைக்கணிப்பும், மருந்தாய்வும் அதன்மேல் நிற்கின்றன. அவர்களுக்கும் சூதாட்டம் இருந்தது, நமக்கும் இருந்தது. அவர்கள் சூதாட்டத்திலிருந்து ஒரு கணிதத்தைப் பெற்றார்கள். நாம் பெற்றது ஒரு புராணம். அதிலே நாட்டை வைத்து ஆடி, தம்பியரை வைத்து ஆடி, தன்னை வைத்து ஆடி, கட்டிய மனைவியையும் வைத்து ஆடியவனுக்குப் பெயர் தருமன்! எந்தக் கட்டத்திலும் எழுந்திருக்கத் தெரியாதவனை அறத்தின் உருவம் என்று சொல்லி வளர்த்த நாட்டிலே, கீழே வைப்பவன் கோழை என்று ஏசப்படுவதில் வியப்பென்ன? அதே நாட்டிலே வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிப் பத்துக் குறளால் இடித்துரைத்தார். நாமோ குறளுக்கு மாலை சூட்டினோம்; தருமனுக்குத் தேர் இழுத்தோம்.

கீழே வைப்பதிலே இழுக்கில்லை என்பதை நெல்லை உழவன் நன்கறிவான். கார் பருவத்துக்கு முன், சூன் மாதத்திலே, அவன் பார்ப்பது பாபநாசம் அணையின் நீர்மட்டம். முழு அளவு 143 அடி. பொதிகையிலே மழை உண்டா, அணையிலே நீர் உண்டா, கால்வாயிலே எத்தனை நாள் விடுவார்கள் என்று கணக்கிடுகிறான். நீர் இருந்தால் நாற்றங்காலுக்கு விதையை ஊறவைக்கிறான். இல்லையென்றால் வயலைத் தரிசாக விட்டுவிட்டு, வடகிழக்குப் பருவமழை தரும் பிசானத்துக்குக் காத்திருக்கிறான். தரிசாக விட்டால் இழப்புத்தான். ஆனால் அளவுள்ள இழப்பு. விதைத்து, உரமிட்டு, கதிர் வரும் நேரத்தில் கருகினால் வருவது அளவில்லா இழப்பு. சேரன்மாதேவிப் பக்கத்திலே கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு போகத்தை விட்டுவிட்ட உழவனைப் பார்த்து, "அஞ்சிவிட்டாயே" என்று எவரும் நகைப்பதில்லை. அந்த நிதானம் இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணிலே ஊறியது. பின் எங்கே போயிற்று அது?

இங்கே நம் குடும்பத்து நிகழ்ச்சியொன்றைச் சொல்லியாக வேண்டும்.

நம் தமக்கை முக்கூடல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே பீடி சுற்றுபவர். அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு அதுதான் வயல், அதுதான் ஆலை. இலை நறுக்கி, தூள் வைத்து, நூல் கட்டி, ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கொடுத்துக் கூலி பெறுவார்கள். அத்தான் சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். நல்லவர், குடியறியாதவர், பிள்ளைகளின் படிப்பிலே கண்ணானவர். 2024ஆம் ஆண்டுக் கோடையிலே, அவர் தொலைபேசியிலே ஒரு நிறுவனத்தின் ரம்மி குடியேறியது. முதலில் ஐம்பது ரூபாய், பிறகு ஐந்நூறு, பிறகு ஆட்டோவின் தவணைப் பணம், பிறகு தமக்கையின் கம்மல் அடகுக் கடைக்கு நடந்தது.

நாம் சென்றபோது தமக்கை தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. சுற்றிக்கொண்டேதான் பேசினார்.

"காலையில எம் முகத்துல முழிச்சதாலதான் கை சரியா விழல்லன்னு உங்க அத்தான் சொல்லுதாவ, தம்பி. நீ படிச்சவன். அப்படியும் உண்டுமா?"

நமக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. தோற்ற பணம் அவருடையது. உழைத்த விரல் அவருடையது. பழியும் அவர் முகத்துக்கா? மூடநம்பிக்கையைப் பற்றி மேடையிலே எத்தனையோ கேட்டிருக்கிறோம். அது கடைசியில் எங்கே போய் இறங்கும் என்பதை அன்று கண்ணால் கண்டோம். ஆண் ஆடுகிறான், அறியாமை ஆடவைக்கிறது, குற்றவாளிக் கூண்டிலே ஒரு பெண்ணின் முகம் நிறுத்தப்படுகிறது!

அன்று மாலை அத்தானோடு உட்கார்ந்தோம். அறிவுரை பேசவில்லை. ஒரு சீட்டுக்கட்டை இரண்டாக்கி வாங்கிச் சென்றிருந்தோம். காசில்லாமல் கையைப் போட்டுக் காட்டினோம். "இது ஆடலாமா, அத்தான்?" "வைக்கணும், மாப்பிள்ளே. ஒண்ணோட ஒண்ணு சேரல்ல." "இது?" "இதுல ரெண்டு ஜோக்கர் கெடக்கு. ஆடலாம்." ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். இரவு பத்து மணிவரை ஆயிற்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு கையைக் கீழே வைக்க வேண்டும் என்று அவரே, அவர் வாயாலேயே, பிழையின்றிச் சொன்னார். அண்ணாச்சிக்கு நிகரான தேர்ச்சி!

"தொலைபேசியிலே ஆடும்போது இத்தனை கையை வைத்தீர்களா?"

அத்தான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தொடக்கத்துல வச்சேன். விட்டது ஏற ஏற, வைக்க மனசு வரல்ல. வச்சா அந்த நூறு போனது போனதுதானே? ஆடினா ஒருவேளை வந்துருமே?"

இந்தச் சொல்லிலேதான் வழக்கின் முடிச்சு அவிழ்கிறது என்று நாம் கருதுகிறோம்.

1979ஆம் ஆண்டில் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியலறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிலே ஒரு கேள்வி: 3,000 உறுதியாகப் போவதை ஏற்பீரா, அல்லது 4,000 போவதற்கு நூற்றுக்கு எண்பது வாய்ப்புள்ள பந்தயத்தை ஏற்பீரா? கணக்குப்படி பந்தயத்தின் சராசரி இழப்பு 3,200. உறுதியான இழப்பே குறைவு. ஆயினும் விடையளித்தவர்களில் நூற்றுக்கு 92 பேர் பந்தயத்தையே தேர்ந்தார்கள். ஏன்? உறுதியான இழப்பை மனித மனம் தாங்குவதில்லை. அதைத் தள்ளிப்போட, பெரிய இழப்பின் வாயிலே தலையைக் கொடுக்கவும் ஒப்புகிறது.

கற்றோர் நிலையே இதுவென்றால், கடன்பட்டவன் நிலை என்ன? புள்ளிக்கு ஐந்து ரூபாய் வைத்து ஆடும் பந்தியிலே ஸ்கூட் என்றால் நூறு ரூபாய். பணமுள்ளவனுக்கு அந்த நூறு ஒரு வேளைச் சிற்றுண்டி. சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு, அடுத்த நல்ல கைக்குக் காத்திருப்பான். அத்தானுக்கோ அந்த நூறு நாளைய டீசல். வைக்க மனம் வராது. ஆடுவார். நூறு நானூறாகும். நானூறு போனபின் நூற்றை வைப்பது இன்னும் கடினமாகும். ஆக, கையைக் கீழே வைக்கும் திறமை மூளையிலே மட்டும் இல்லை, தோழர்களே! பாதி மடியிலே இருக்கிறது. மடியில் உள்ளவனுக்கு நிதானம் எளிது. இல்லாதவனுக்கு, அறிந்தும் இயலாது. ஒரே பந்தி, ஒரே சீட்டு, ஒரே விதி. ஆனால் உட்காரும்போதே ஒருவன் வென்றவன், ஒருவன் தோற்றவன்.

இப்போது சட்டத்தின் பக்கம் திரும்புவோம். ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டமே என்று, வழக்குரைஞர்கள் 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பு என வழங்கும் ஆந்திர வழக்கிலே உச்ச நீதிமன்றம் கூறியது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை எறிவது என்று தேர வேண்டும் என்பது காரணம். அந்த அடிப்படை மேல்தான் பின்வந்த வழக்குகள் எல்லாம் கட்டப்பட்டன. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிப் பந்தய ஆட்டங்களைத் தடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை நீக்கியது. 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. சட்டமன்றம் மீண்டும் சட்டமியற்றியது, ஆளுநர் திருப்பியனுப்பினார், 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அவ்வாண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் திறமை ஆட்டங்களான ரம்மியையும் போக்கரையும் அது தடுக்காது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அந்த இடைவெளியிலேதான் நம் தமக்கையின் கம்மல் போயிற்று.

திறமை ஆட்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. மேலே இத்தனை வரி எழுதியதே அதை ஒப்புக்கொண்டுதான். ஆனால் அந்தச் சொல்லை முழுமையாகப் படிக்க வேண்டாமா? நாணயத்தைச் சுண்டினால் வல்லவனுக்கும் பாதி, அல்லாதவனுக்கும் பாதி. திறமை ஆட்டத்திலோ அப்படியில்லை. ஓர் ஆட்டம் திறமை சார்ந்தது என்றால், திறமை குன்றியவன் நாளடைவில் தோற்பது திண்ணம் என்று பொருள்! குத்துச்சண்டையும் திறமைதான், அதற்காக மல்லனையும் மாணவனையும் ஒரே களத்திலே இறக்கிவிட்டு, "திறமை உள்ளவன் வெல்லட்டும்" என்று நுழைவுச்சீட்டு விற்கலாமா? திறமை என்ற சொல் அந்த வணிகத்துக்குக் கேடயமாயிற்று. உண்மையிலே அது குற்றச்சாட்டாக நின்றிருக்க வேண்டிய சொல்.

இன்னொன்றும் உண்டு. அந்த 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பே, ஆடும் இடத்தை நடத்துபவர் பந்தய ஆட்டத்தால் ஆதாயம் அடைவதாக மெய்ப்பிக்கப்பட்டால் அது குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. முன்பாதியை முழங்கியவர்கள் பின்பாதியை விழுங்கிவிட்டார்கள். திருமண வீட்டுப் பாயிலே எவரும் தரகு எடுப்பதில்லை. அங்கே போகும் காசு அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும். செயலியிலோ ஒவ்வொரு பந்திக்கும் நடத்துபவருக்குப் பங்கு. அது பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சமத் திறமையுள்ள இருவர் ஆளுக்கு நூறு கொண்டுவந்து, இருக்கும் பணம் முழுவதையும் வைத்து மீண்டும் மீண்டும் ஆடினால், ஏழாம் சுற்று முடியும்போது இருநூறிலே பாதிக்கும் குறைவுதான் இருவர் கையிலும் சேர்ந்து இருக்கும். வென்றவன் யார்? ஆடாதவன்! சீட்டைத் தொடாமல், கையை எடைபோடாமல், இரவும் பகலும் வென்றுகொண்டே இருப்பவன் அவன் ஒருவன்தான்.

திருமண வீட்டு ஆட்டத்துக்கு விடியல் என்று ஒன்று உண்டு. நாதசுரம் ஒலித்தால் பாயைச் சுருட்ட வேண்டும். சீட்டைக் கலைக்கவும் போடவும் நேரமாகும். அந்த நேரத்திலே சினம் ஆறும். எதிரே உட்கார்ந்திருப்பவர், "போதும், எழுந்திரு அப்பா" என்பார். தொலைபேசியிலே விடியல் இல்லை. ஆறுவதற்கு இடைவெளி இல்லை. எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லை. கையைக் கீழே வைத்தால் கண்ணிமைப்பில் அடுத்த கை வந்து நிற்கும். நிதானமே திறமை என்றால், நிதானத்தை ஒழிப்பதற்கென்றே அமைந்த இடத்திலே எந்தத் திறமை வாழும்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ வாய்ப்போ எதுவாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்கள் அத்தகைய ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. வரவேற்கிறோம். ஆனால் சட்டம் ஒரு கதவை அடைத்தால் சாளரம் தேடுவோர் எக்காலத்தும் உண்டு. அரசுகளும் எப்போதும் ஒரே பக்கம் நின்றதில்லை. நம்மவர் ஆட்சியே 1968இல் பரிசுச்சீட்டு நடத்தியது, தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டுகளுக்குத் தடை வந்தது 2003இல்தான் என்பதை மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆகவே சட்டத்தோடு நிறைவடைந்து உறங்கிவிடலாகாது. அறிவு வேலை செய்ய வேண்டும்.

பள்ளியிலே அந்த வேலையைத் தொடங்கலாம் என்பது நமது எண்ணம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாணயத்தைச் சுண்டிக் காட்டினோம். தொடர்ந்து நான்கு முறை தலை விழுந்ததும், "அடுத்தது பூதான், ஐயா!" என்று வகுப்பே கூவியது. சுண்டினோம், மீண்டும் தலை. "நாணயத்துக்கு நினைவு உண்டா?" என்று கேட்டோம். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலே சோதிடத்தின் ஓர் ஓடு கழன்று விழுந்ததைக் கண்டோம். வாய்ப்பு வேறு, விதி வேறு என்று இளமையிலேயே அறிந்தவன், பிற்காலத்திலே மனைவியின் முகத்தைப் பழிக்க மாட்டான்.

அந்த வேறுபாடு சீட்டோடு நிற்பதுமல்ல. கைக்கு வந்த சீட்டை 'விதி' என்று சொல்லப் பழகிய நாடுதான், பிறப்பிலே வந்த தாழ்வையும் 'விதி' என்று சொல்லப் பழகியது. சீட்டாட்டத்திலாவது ஒவ்வொரு முறையும் கட்டைக் கலைக்கிறார்கள். சாதியின் கட்டை எவரும் கலைக்கவில்லை. சிலருக்கே ஜோக்கரும் வரிசையும், பலருக்குச் சேராத சீட்டு, அதையும் ஏன் என்று கேளாமல் ஆடியே தீரவேண்டும் என்றனர். பெரியார் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தபோதுதான், கல்வியில் அந்தக் கட்டைக் கலைக்கும் உரிமைக்கு உறுதியான இடம் கிடைத்தது. விதி என்று சொன்னதை எண்ணிப் பார்த்தவர்கள் மாற்றினார்கள். எண்ணாதவர்கள் கும்பிட்டார்கள்.

அத்தான் இப்போது ஆடுவதில்லை. நம் அறிவுரையால் அன்று, தமக்கையின் செயலால். மறுவாரமே அவர் அந்தக் குறிப்பேட்டை எடுத்து, அத்தான் 'வைக்கணும்' என்று சொன்ன கைகளின் எதிரே, அவை ஒவ்வொன்றுக்கும் எத்தனை பீடி என்று எழுதினாராம். ஒரு ஸ்கூட்டுக்கு இத்தனை நூறு பீடி, ஒரு முழுத் தோல்விக்கு இத்தனை ஆயிரம் பீடி. கணவரிடம் கொடுத்து, "நீங்களே கூட்டிச் சொல்லுங்க" என்றாராம். கூட்டினார் அத்தான். தொலைபேசியிலிருந்து அந்தச் செயலியை அகற்றினார். கம்மல் இன்னும் திரும்பவில்லை. தவணை இன்னும் முடியவில்லை. இருபதில் நின்றிருக்க வேண்டியது எண்பது வரை போனபின் மீள்வது எளிதன்று.

தம்பிமாரே! காசின்றி ஆடுங்கள், களிப்போடு ஆடுங்கள், சீட்டை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், அது மூளைக்கு நல்ல பயிற்சி. ஆனால் எவனோ ஒருவன் ஒவ்வொரு சுற்றிலும் பங்கெடுக்க, உங்கள் பசியையே பந்தயமாக்கும் பந்தியிலே பதின்மூன்று சீட்டு நீட்டப்படுமானால், அதிலே ஜோக்கர் எத்தனை, வரிசை எத்தனை என்று பார்க்கவும் வேண்டா. அண்ணாச்சி கையில் வந்திருந்தாலும் அது கீழே வைக்க வேண்டிய கைதான். வைத்துவிட்டு எழுந்திருங்கள். கோழை என்பான் எதிரிலிருப்பவன், சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டிலே ஒரு பெண் ஆயிரத்தை எண்ணி முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது, அவள் முகத்தை நேர்நின்று பார்க்க முடிந்தவனே வீரன்.